ஒற்றை விசில்

எல்லாக் குமிழ்களையும் பூஜ்யத்துக்குத் திருப்பிய பிறகும் இடது காதில் ஏதோ ஒன்று மிச்சமிருந்தது.

நெடுமாறன் ஹெட்ஃபோனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டார். எலக்ட்ரானிக் டிரம்ஸில் சத்தம் வருவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. ரப்பர் பேடைக் குச்சியால் தட்ட வேண்டும். தட்டியது வயர் வழியாக மாட்யூல் என்கிற சின்னப் பெட்டிக்குப் போக வேண்டும். பெட்டி தனக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான சத்தங்களில் ஒன்றை எடுத்து ஹெட்ஃபோனுக்கோ ஆம்ப்ளிஃபயருக்கோ அனுப்ப வேண்டும். யாரும் தட்டாவிட்டால் பெட்டி வாயைத் திறக்காது. அதற்குக் காதும் கிடையாது. குச்சிகள் இரண்டும் அவர் மடியில் கிடந்தன. ஆனாலும் இடது காதில், வெகு தூரத்தில், ஒரு சின்ன உருண்டை தகரக் கூட்டுக்குள் உருள்வது மாதிரி ஒரு சத்தம். உருண்டது. நின்றது.

"எர்த்து சரியில்ல" என்று வாய்விட்டுச் சொன்னார். அறையில் வேறு யாரும் இல்லை. ஆள் இல்லாத இடத்திலும் கருத்துச் சொல்லும் பழக்கம் அவருக்கு நெடுநாளாக உண்டு.

நெடுமாறன் செஞ்சியில் சாதாரண ஆள் இல்லை. இதை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். தேசூர்பாட்டையில் மைக்செட் கடை. ராஜகிரி மெல்லிசைக் குழுவின் நிறுவனர், டிரம்ஸ் கலைஞர், ஒலியமைப்பாளர். 'தாளப் பேரரசு' என்ற பட்டத்தை அவருக்கு வழங்கியது செஞ்சி வட்டாரக் கலைஞர்கள் பேரவை. பேரவையின் தலைவரும் அவரே என்பதால் பொன்னாடை போர்த்தும்போது மட்டும் கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருந்தது. எலக்ட்ரானிக் டிரம்ஸ் வந்திறங்கிய அன்று கூட்ரோட்டில் ஃபிளெக்ஸ் கட்டினார். பின்னால் ராஜகிரி மலை, முன்னால் குச்சிகளைக் குறுக்கே பிடித்தபடி அவர், கீழே 'கோட்டையை ஒலியால் வென்றவர்' என்று சிவப்பு எழுத்து. பெரிய பெரிய படைகள் வருஷக்கணக்கில் முற்றுகை போட்டுத் திணறிய கோட்டையை அவர் பதினைந்து அங்குல ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு பிடித்துவிட்டார். மூன்றாம் நாள் குரங்குகள் வந்து ஃபிளெக்ஸைக் கிழித்தன. கோட்டை யாருடையது என்பதில் அவற்றுக்குத் தெளிவு இருந்தது.

வென்ற லட்சணம் என்னவென்றால், ஹெட்ஃபோனில் கேட்டால் காலால் மிதிக்கும் கிக் டிரம் நெஞ்சுக்குள் இறங்கும். அதையே ஆம்ப்பில் விட்டால் அட்டைப்பெட்டியைக் காலால் எத்தியது போல இருக்கும். ஆம்ப்பில் பாஸை, அதாவது கனத்த அடிச்சத்தத்தை, ஏற்றினால் சடசடக்கும் ஸ்னேர் டிரம் முழுகிப் போகும். ஸ்னேரைத் தூக்கினால் சிம்பல்கள் எவர்சில்வர் தட்டுகளாகி மாடிப்படியில் உருளும். முதல் கச்சேரியில் கீபோர்டு வாசிக்கும் பிரசாந்த் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டான்.

"மாறண்ணே, கிக்கு எங்கண்ணே? வூட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?"

"மண்டபம் சரியில்லடா. எக்கோ அடிக்குது."

"இன்னாண்ணே எக்கோ? நாம மைதானத்துல நிக்கிறோம்."

அதிலிருந்து மூன்று மாதம் அவருக்கு வேறு வேலை இல்லை. காலையில் ஆம்ப்பைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து வாசிப்பார். மதியம், வெயிலுக்குப் பயந்து தெரு கதவடைத்துத் தூங்கும் நேரத்தில், ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வாசிப்பார். ஒன்றில் சரியானது இன்னொன்றில் சரியாகவில்லை. கிக்கைக் கொஞ்சம் வறட்டினார். சிம்பலைக் கூரையிலிருந்து இறக்கினார். எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்து, கிக்கிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தார். இருபத்தாறு நாளுக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு, எல்லாம் ஒரே நேரத்தில் தன் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தன.

அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி நெடுமாறன் நினைப்பதில்லை. நினைக்காமல் இருப்பது நாள் முழுக்க நடக்கும் வேலையாக இருந்தது.

எலக்ட்ரானிக் டிரம்ஸ் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவே தராது என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். விற்கிறவர்கள் யாரும் கீழ்வீட்டில் குடியிருப்பதில்லை. கிக் பெடலை மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் தளத்தில் இறங்கி, கீழே இருப்பவரின் உச்சந்தலைக்கு மேல் ஊமைக்குத்தாகப் போய் விழும். நெடுமாறன் பலகைக்கு அடியில் டென்னிஸ் பந்துகளை வைத்துப் பார்த்தார். பழைய மெத்தையை விரித்துப் பார்த்தார். பலகை தொட்டில் மாதிரி ஆடியதே தவிர, குத்து கீழே போய்க்கொண்டுதான் இருந்தது.

கீழ்வீட்டில் நெடுமாறனிடம் வாடகைக்கு இருந்த ஆதிமூலம் படுத்திருந்தார். முப்பது வருஷம் அனந்தபுரம் வழியாக விழுப்புரம் போகும் பஸ்ஸில் கண்டக்டர். ரிட்டயரான இரண்டாம் வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கத்தையும் பேச்சையும் எடுத்துக்கொண்டு போனது. மிச்சம் விட்டது இடது கையையும், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கிய, உள்ளே உருண்டை போட்ட ஸ்டீல் விசிலையும். பஸ்ஸில் இருந்த சட்டத்தை அவர் அப்படியே கட்டிலுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒரு விசில் என்றால் நிறுத்து, வா. இரண்டு விசில் என்றால் ரைட், போகலாம்.

அவர் மனைவி ஜெயசுதா காந்தி பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். சோறு ஊட்டி, வாய் துடைத்து, விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிவிட்டு இரண்டு மணிக்குக் கிளம்பினால் ஒன்பது மணிக்குத்தான் வருவாள். குடிவந்த புதிதிலேயே மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டாள்.

"அண்ணா, அவரு விசில் குடுத்தா மட்டும் ஒரு எட்டு வந்து பாருங்கண்ணா. உங்க காத நம்பித்தான் நான் வேலைக்கே போறேன்."

"என் காதப் பத்தி எனக்கே சொல்றியாம்மா? தெருமுனைல சில்லற வுழுந்தா ஒத்த ரூபாயா ரெண்டு ரூபாயான்னு இங்கருந்தே சொல்லுவேன்."

சொன்னதற்குக் குறைவில்லாமல் கொஞ்ச நாள் நடந்துகொண்டார். ஒரு விசில் கேட்கும். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு இறங்கிப் போவார். தண்ணீர், இல்லையென்றால் ஃபேன், இல்லையென்றால் முதுகைத் திருப்பி விட வேண்டும். முடிந்ததும் ஆதிமூலம் இரண்டு விசில் கொடுப்பார். தாளப் பேரரசு படியேறிப் போகலாம். ஒரு மதியத்துக்கு இப்படி நான்கு முறை.

"நான் இன்னா டவுன் பஸ்ஸா? நிறுத்தி நிறுத்தி எடுக்கறதுக்கு?" என்று மனைவி சுமலதாவிடம் ஒருநாள் பொருமினார்.

"டவுன் பஸ்ஸா இருந்தா டைமுக்காச்சும் சாப்பிட வந்திருப்பீங்க" என்றாள் அவள்.

சுமலதா இப்போது தாய்வீட்டுக்கு, பனமலைக்குப் போயிருந்தாள். நாளைதான் வருவாள். வீடு முழுக்க மதியத்தின் கனம். எதிரே மலையில் அடுக்கி வைத்த பாறைகள் காலையிலிருந்து குடித்த வெயிலை ஊருக்குள் திருப்பிக் கக்கிக்கொண்டிருந்தன. ஜன்னல் வழியாகச் சுட்ட மண் வாடையும், எங்கோ மிளகாய் காயும் காரமும் வந்தன. அவற்றுக்கு அடியில், படிக்கட்டு வழியாக ஏறிவரும் இன்னொரு வாடை. வலித் தைலம், டெட்டால், படுக்கைப்புண்ணுக்குப் போடும் பவுடர். துக்கம் கழிந்து கீழ்வீட்டை முதல் தடவை கழுவி விட்டு இருபது நாளாகிறது. கட்டில்கூடப் போய்விட்டது. வாடை மட்டும் வேளை தவறாமல் இரண்டு மணிக்கு மேல் படியேறி வந்தது.

ஊருக்குத் தெரிந்த கதை இதுதான். அந்தச் செவ்வாய்க்கிழமை நெடுமாறன் திண்டிவனத்துக்குக் கேபிள் வாங்கப் போயிருந்தார். ஜெயசுதா ஒன்பது மணிக்கு வந்து கதவைத் திறந்தபோது ஆதிமூலம் போய்ச் சேர்ந்திருந்தார். அவள் போட்ட கூச்சலுக்கு முதலில் ஓடி வந்தவர் நெடுமாறன். ஐஸ்பெட்டிக்கு ஆள் அனுப்பியவர், பந்தல் போட்டவர், ஒலிபெருக்கியைத் தன் செலவில் கட்டியவர் எல்லாமே அவர்தான். 'இப்பிடி ஒரு வூட்டுக்காரரு யாருக்குக் கெடைக்கும்' என்று எதிர்வீட்டு மாரியம்மாள் பத்துப் பேரிடம் சொன்னாள். நெடுமாறன் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவரிடம் அதைப் பார்ப்பது முதல் தடவை என்பதால் இன்னும் கொஞ்சம் மெச்சினார்கள்.

இடது காதில் உருண்டை மறுபடி உருண்டது.

வயரை மாற்றினார். உருண்டது. கடையிலிருந்து புது ஹெட்ஃபோன் கொண்டுவந்திருந்தார். அதைப் பிரித்து மாட்டினார். உருண்டது. ஹெட்ஃபோனை இடம் வலம் மாற்றி மாட்டிப் பார்த்தார். கோளாறு கருவியில் இருந்தால் சத்தம் வலது காதுக்குப் போக வேண்டும்.

போகவில்லை. இடது காதிலேயே நின்றது.

உருண்டைக்கு முன்னால் இன்னொன்று இருப்பது இப்போது புரிந்தது. மெலிதாக, ஈரமாக, உள்ளே இழுக்கும் ஒரு மூச்சு. மூச்சு, உருண்டை, நிறுத்தம். ஊதுவதற்கு முந்தைய நிமிஷம் மாதிரி.

செல்போன் மேசையில் நடுங்கியது. பிரசாந்த்.

"அண்ணே, வேட்டவலம் ரிசப்ஷன் வீடியோ பாத்தியாண்ணே? சவுண்டு சும்மா நிக்குதுண்ணே. கிக்கு, ஸ்னேரு எல்லாம் தனித்தனியா எண்ணலாம். எப்பிடிண்ணே புடிச்ச இந்த செட்டிங்கு?"

"உழைப்புடா."

"ஆனா நடுநடுவுல எவன்ணே அந்த விசிலு?"

நெடுமாறனின் கை ஹெட்ஃபோன் வயரை இறுக்கிப் பிடித்தது. "மாப்ள பசங்க எவனாச்சும் அடிச்சிருப்பான்."

"அதான் நானும் நெனச்சேன். ஆனா ஒவ்வொரு பாட்டுலயும் அடிக்கிறாண்ணே. நம்ம ஆம்ப்புக்குள்ளருந்து வர மாதிரியே இருக்குது. ட்ரெபிள கொஞ்சம் கொறச்சிப் பாரேன்."

ட்ரெபிளை, அதாவது கீச்சுச் சத்தத்தை, குறைத்துப் பார்ப்பது. அதைத்தான் அன்றும் செய்தார்.

அன்று திண்டிவனம் இல்லை. கேபிள் இல்லை. வீட்டில் சுமலதாவும் இல்லை. இதே ஸ்டூலில், இதே ஹெட்ஃபோனில், மூன்று மாதம் தேடிய சத்தம் கைக்கு வந்த நிமிஷத்தில் ரெக்கார்டு பொத்தானை அழுத்திவிட்டு வாசிக்க ஆரம்பித்திருந்தார். கிக் நெஞ்சில் விழுந்தது. ஸ்னேர் நெற்றிப்பொட்டில். சிம்பல் மழை பெய்து ஓய்வது போல ஓய்ந்தது. அப்போது கீழே ஒரு விசில். ஹெட்ஃபோனின் மெத்தையைத் துளைத்துக்கொண்டு ஊசிமுனையாக வந்தது. தெருமுனைச் சில்லறையைப் பிரித்துச் சொல்லும் காது, கேட்காமல் போகுமா? கேட்டது. இந்த ஒரு பாட்டு முடியட்டும் என்று நினைத்தார். நாலரை நிமிஷம். நாலரை நிமிஷத்தில் தண்ணீர் ஒன்றும் தீர்ந்துவிடாது. இரண்டாவது விசில் வந்தது. வலது கை தாளத்தை விடவில்லை. இடது கை குச்சியோடு போய் ட்ரெபிளைக் குறைத்து வால்யூமை ஏற்றியது. மூன்றாவது நீளமாக வந்தது. நடுவில் நடுங்கியது. நான்காவது குட்டை. ஐந்தாவது இருந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது.

பாட்டு முடிந்தது. அதோடு இறங்கிப் போயிருக்கலாம். போகவில்லை. எப்படி வந்திருக்கிறது என்று ஒரு தடவை போட்டுக் கேட்டார். அதற்கு இன்னொரு நாலரை நிமிஷம்.

கீழே போனபோது மணி மூன்று இருபது. ஆதிமூலம் கட்டிலில் பாதி சரிந்து கிடந்தார். கண்கள் மேலே, தளத்தைப் பார்த்தபடி. பல்லுக்கிடையில் விசில். நெடுமாறன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், தொட்டு உலுக்கவில்லை. செத்துவிட்டார் என்று அவராகவே முடிவு செய்தார். அடுத்து மனதில் வந்தது ஜெயசுதா இல்லை, டாக்டர் இல்லை. வாயில் விசிலோடு ஒருவன் செத்துக் கிடந்தால், ஊதியிருக்கிறான் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியும். மாடியில் ஆள் இருந்ததும் தெரியும். இழுத்தார். பல் விடவில்லை. கொஞ்சம் திருகி இழுத்தார். 'டக்'கென்று வந்தது. ஈரமாக இருந்தது. கயிற்றைத் தலைவழியே உருவி எடுத்துக்கொண்டு, பைக்கில் கோட்டைப் பக்கம் போய், செட்டிகுளத்தில் வீசினார். திண்டிவனம் பிறகுதான் தோன்றியது.

இதில் ஒன்று பாக்கி இருக்கிறது. விசிலை இழுத்தபோது அது சத்தம் போட்டது. சின்னதாக. குழந்தை ஊதியது போல.

இழுத்த வேகத்தில் காற்றுப் பட்டிருக்கும். அப்படித்தான் இருபத்தாறு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணே? லைன்ல இருக்கியா?" என்றான் பிரசாந்த்.

நெடுமாறன் போனை வைத்தார். கிக்கைப் பூஜ்யமாக்கினார். ஸ்னேர் பூஜ்யம். டாம்கள், சிம்பல்கள், எல்லாம் பூஜ்யம். மாஸ்டர் வால்யூம் பூஜ்யம். மூச்சு. உருண்டை. மாட்யூலின் சுவிட்சை அணைத்தார். சின்ன விளக்கு செத்தது. மூச்சு. உருண்டை. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார். ஹெட்ஃபோனைக் கழற்றி மெத்தைமேல் எறிந்தார்.

மூச்சு.

விசில்.

ஒன்று.

"அண்ணா."

ஸ்டூலோடு திரும்பினார். வாசலில் ஜெயசுதா நின்றிருந்தாள். கையில் கீழ்வீட்டுச் சாவி. புடவையோடு தைல வாடை வந்தது. அது அவள் கையில் ஊறிப்போன வாடை. கண்ணுக்குக் கீழே இரண்டு கறுப்புப் பள்ளங்கள்.

"சாப்டீங்களாண்ணா? அண்ணி எப்ப வருது?"

"நாளைக்கி. நீ சாப்டியாமா?"

"ஆச்சிண்ணா" என்றாள். பார்த்தால் சாப்பிட்டவளாகத் தெரியவில்லை. "காலைல வூட்ட கழுவிப் பூட்டிட்டேன். சாமானெல்லாம் போயிடுச்சி. அஞ்சு மணி பஸ்ல அனந்தபுரம், தங்கச்சி வூட்டுக்குப் போறேன். இனிமே அங்கதான்."

சாவியை மாட்யூலின் மேல் வைத்தாள். வைத்த பிறகும் போகவில்லை.

"விசில் மட்டும் கெடைக்கலண்ணா."

நெடுமாறன் குனிந்து ஹெட்ஃபோன் வயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"கட்டில் அடி, பீரோ சந்து, குப்பக்கூட, எல்லாம் பாத்துட்டேன். அவரோட வெச்சி அனுப்பணும்னுதான் அன்னிக்கே தேடுனேன். இன்னிக்கி வூடு காலி, இப்பவும் இல்ல. அப்பறம்தாண்ணா எனக்குப் புரிஞ்சிது." குரல் அடங்கியது. "நான் மாட்டவே இல்ல. அன்னிக்கி தல தொவட்டும்போது கழட்டியிருப்பேன். கடைக்கு நேரமாயிடுச்சின்னு அப்பிடியே ஓடியிருப்பேன். எங்கயோ கைதவறிப் போட்டுட்டேன்."

"நீ மாட்டியிருப்பமா."

"மாட்டியிருந்தா ஊதியிருப்பாருல்ல? நீங்க ஊர்ல இல்லன்னாலும் மாரியம்மாக்காவாச்சும் வந்திருக்கும்." அவள் வலது கை, அவளை அறியாமலே, எதையோ யார் கழுத்திலோ மாட்டுவது போலக் காற்றில் எழுந்து இறங்கியது. "டாக்டரு சொன்னாருண்ணா. நான் வந்து பாக்கும்போது ஒடம்பு முழுசா வெறைக்கக்கூட இல்ல. சாயங்காலம் நாலரை, அஞ்சு வரிக்கும் உசுரு இருந்திருக்கும்னாரு. அவ்ளோ நேரம், கழுத்துல விசில் இல்லாம, அந்த ஒத்தக் கையால தேடித் தேடிப் பாத்திருப்பாருல்ல? கண்ண மூடுனா அந்தக் கைதாண்ணா வருது."

நாலரை. அஞ்சு.

அவர் இறங்கிப் போனது மூன்று இருபதுக்கு.

காற்றுப் படவில்லை. அது மூச்சு.

தண்ணீருக்குள் விழுந்தது மாதிரி அறையின் சத்தமெல்லாம் விலகிப் போயின. ஒரு வாக்கியம். நீ மாட்டியிருந்தாயம்மா, அவர் ஊதினார், நான்தான் கேட்டுக்கொண்டே வாசித்தேன். இவ்வளவுதான். அதைச் சொன்னால் அவள் இன்று ராத்திரி தூங்குவாள். சொல்லாவிட்டால் அனந்தபுரத்தில், தங்கை வீட்டு மூலையில், சாகிற வரைக்கும் அந்தக் கை காற்றில் எழுந்து எழுந்து இறங்கும். மேடையில் ஒரு மணி நேரம் தன்னைப் பற்றியே பேசக்கூடிய வாய்க்கு ஒரு வாக்கியம் பெரிதில்லை.

"ஜெயா, அன்னிக்கி..."

"இன்னாண்ணா?"

அவள் முகத்தைப் பார்த்தார்.

அவளே பேசினாள். "போறதுக்கு முன்ன ஒண்ணு கேக்கணும்ணா. அவரு தலைக்கு மேல மூணு மாசமா ஓடுச்சே, அது இன்னா பாட்டுன்னு ஒருவாட்டி கேக்கட்டுமா? உங்க டிரம்ஸுன்னா அவருக்கு அவ்ளோ இஷ்டம்ணா. கீழ குத்து கேட்டுச்சின்னா எடது கையால கட்டில்ல தாளம் போடுவாரு. லீவு அன்னிக்கெல்லாம் நானே பாத்திருக்கேன்."

இஷ்டம்.

நாலரை நிமிஷம் கிடைக்கும், என்று நெடுமாறனுக்குள் எதுவோ சுறுசுறுப்பாகக் கணக்குப் போட்டது. அதற்குள் வார்த்தையைச் சேர்த்துக்கொள்ளலாம். அதுவுமில்லாமல், பெட்டிக்குக் காது கிடையாது என்றாலும், வேட்டவலத்தில் ஒவ்வொரு பாட்டிலும் கேட்ட விசில் அந்த ரெக்கார்டிங்கிலும் இருக்கும். அவளே கேட்டுக்கொள்ளட்டும். வாய் சொல்ல வேண்டியதைப் பெட்டி சொல்லிவிடும். கோழைக்குக் கூட அந்த நிமிஷத்தில் தன் யோசனை தைரியமாகத் தெரிந்தது.

பிளக்கைச் செருகி, சுவிட்சைப் போட்டு, குமிழ்களைப் பழைய இடத்துக்குத் திருப்பினார். சின்ன விளக்கு எரிந்தது. ஜன்னலைப் பார்த்தபடி பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அவளை உட்கார வைத்தார். ஹெட்ஃபோனை எடுத்து, அவள் தலையில், காது இரண்டும் மூடுகிற மாதிரி மாட்டினார். "சவுண்டு பத்தலன்னா இத வலப்பக்கம் திருப்பு" என்று மாஸ்டர் குமிழைக் காட்டினார். செவ்வாய்க்கிழமையின் ரெக்கார்டிங்கைத் தேடி எடுத்து அழுத்திவிட்டு, பழக்கத்தில் குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு, அவளுக்குப் பின்னால் ஸ்டூலில் போய் உட்கார்ந்தார்.

அவள் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. தலை ஆடத் தொடங்கியது.

அப்போதுதான் நெடுமாறன் கவனித்தார். இடது காது சுத்தமாக இருந்தது. மூச்சு இல்லை. உருண்டை இல்லை. இருபத்தாறு நாளில் முதல் தடவையாக ஒன்றுமே இல்லை. ஃபேன் சுற்றுவது கேட்டது. தண்ணீர்த் தொட்டிமேல் குரங்கு ஒன்று தாவுவது கேட்டது. மதியம் இவ்வளவு பெரியதா என்று இருந்தது.

முதல் நிமிஷம் போனது. முதல் விசில் வரும் இடம். அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதுகு அசையவில்லை. அவள் சிரித்தபடி, ஹெட்ஃபோன் மாட்டியவர்கள் எல்லோரும் கத்துகிற மாதிரி, உரக்கக் கத்தினாள்.

"ரொம்ப நல்லா இருக்குதுண்ணா! ஒரு பிசிறு இல்ல!"

விசில் அதில் இல்லை.

போய்விட்டது என்று நினைத்தார். எங்கே போனது என்று நினைத்தார்.

நெஞ்சுக்குள், தொண்டைக்குக் கீழே, ஒரு சின்ன உருண்டை உருண்டது.

சொல்லிவிட வேண்டும். இப்போதே. எழுந்து அவள் தோளைத் தொட வேண்டும். வலது கையைத் தூக்கினார். வலது கை மடியில் கிடந்தது. அதிலிருந்து குச்சி நழுவி மெத்தையில் விழுந்தது, சத்தமில்லை. வலது கால் கிக் பெடலில் இருந்தது. எடுக்கப் பார்த்தார். அது யாருடைய காலோ மாதிரி கனத்துக் கிடந்தது. வாயின் வலது ஓரம் வழிந்து இறங்குவது தெரிந்தது. துடைக்க முடியவில்லை.

ஜெயா.

சொன்னார். வாய் திறந்தது. சொல் வரவில்லை.

மூச்சு உள்ளே போனது. வெளியே வந்தது.

விசிலாக வந்தது. ஒன்று.

ஃபேன் சத்தத்தைத் துளைத்துக்கொண்டு, அறைச் சுவர்களில் பட்டுத் திரும்பிய நல்ல, துல்லியமான, ஸ்டீல் விசில். நிறுத்து. வா.

ஜெயசுதா கால் பெருவிரலால் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். கண்களை மூடியிருக்க வேண்டும். பல நாள் தூங்காத தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

மறுபடி ஒன்று. நீளமாக. நடுவில் நடுங்கியது.

அவள் கை எழுந்தது. கேட்டுவிட்டாள். கேட்டுவிட்டாள் என்று அவருக்குள் எல்லாம் கூத்தாடியது. அந்தக் கை பின்னால் திரும்பவில்லை. மாட்யூலைத் தடவித் தேடிப் போய், சாவியை ஒதுக்கி, குமிழைப் பிடித்து, வலப்பக்கம் திருப்பியது.

இன்னும் ஒன்று. குட்டை.

இன்னும் ஒன்று. இருந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது.

நெடுமாறன் ஸ்டூலிலிருந்து சரிந்துகொண்டிருந்தார். கண்ணுக்கு நேரே மாட்யூல், அதன்மேல் கீழ்வீட்டுச் சாவி, அதற்குப் பக்கத்தில் தாளம் போடும் அவள் கைவிரல். கன்னம் தரையைத் தொட்டது. இடது காது தரையோடு ஒட்டியது.

கீழே, காலையில் கழுவிப் பூட்டிய வீட்டிலிருந்து, விசில் கேட்டது.

இரண்டு.